நாளைக்கு வாங்கோ

உதயகலா சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. சம்பளம் மாதம் இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். அச்சுவேலிச் சந்தையிலிருந்து மூன்று மைல்கட்டை தூரம், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் கிடக்கும் ஒரு கிராமம். அங்கே வளர்மதி சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் என்று பலகை தொங்கும் ஒரு சின்னக் கட்டடம். ஒரு கவுண்டர், சனம் இருக்க இரண்டு வாங்கு, ஒரு இரும்புப் பெட்டகம். லிகிதராகப் போனவள் பத்து வருடத்தில் முகாமையாளர் ஆனாள். ஆனாலும் கூட்டிப் பெருக்குவதும் அவள்தான், பெட்டகத்தைத் திறப்பதும் அவள்தான்.

அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் இராசநாயகம் மாஸ்டர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணிதம் படிப்பித்தவர். சங்கத்துக்கு அப்போதே அவர்தான் தலைவர். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபரில் இராணுவம் முன்னேறிவர, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, மாஸ்டர் தன் வீட்டுச் சாமானில் ஒன்றையும் எடுக்கவில்லை. சங்கத்தின் பேரேடுகளை உரச் சாக்கில் போட்டுச் சைக்கிள் கரியரில் கட்டி, மழையில் கொடிகாமம் வரை தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கூரை இல்லாத கட்டடத்தில் மேசை போட்டு இருந்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, போட்டவர்களுக்கெல்லாம் சதம் பிசகாமல் கணக்குச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் சங்கத்தில் போட்ட காசைப் பற்றி யோசித்ததில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று யாராவது ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்ப்பார்களா?

சங்கத்தின் வேலை சுலபமாகச் சொல்லக்கூடியது. ஊர்ச்சனம் போடுகிற காசை ஊர்ச்சனத்துக்கே கடனாகக் கொடுப்பது. போடுகிறவர்களுக்கு நூற்றுக்கு எட்டு வட்டி, கடன் எடுக்கிறவர்களிடம் பன்னிரண்டு. இடையில் நிற்கிற நாலில்தான் உதயகலாவின் சம்பளமும் மின்சாரக் காசும். கடன் எல்லாம் நீண்ட காலக் கடன். கிணறு வெட்ட, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்க, வீட்டுக்குக் கூரை போட என்று ஐந்து வருடம், ஆறு வருடம். போட்டவர்களோ எந்த நாளும் வந்து தங்கள் காசைக் கேட்கலாம். எல்லாரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கட்டடம் நின்றது. அதை உதயகலா அப்படி யோசித்துப் பார்த்ததில்லை. அவள் வந்து இருபத்துநாலு வருடமாக நிற்பதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு, சித்திரை வருசத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர், மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை ஏழு வீதத்தால் உயர்த்தியது. செய்தியை அவள் வானொலியில் கேட்டாள். அன்று மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கப் போன கணவன் குலேந்திரன் வெறும் கானோடு திரும்பி வந்திருந்தான். வீட்டில் கதை எல்லாம் மண்ணெண்ணெயைப் பற்றித்தான். வட்டியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

ஆடி மாதம் வந்தபோது யாழ்ப்பாணத்து வங்கிகளின் வாசலில் நிலையான வைப்புக்குப் பதினெட்டு, இருபது என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். சங்கம் எட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. பிடியரிசி சேர்த்த மாதிரிக் காசு சேர்த்த சனம், அரிசி இருநூறு ரூபாய் தாண்டிய நாட்களில் எட்டையும் இருபதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்குமா? ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஐம்பதாயிரம், ஒரு லட்சம். உதயகலா முகம் சுளிக்காமல் கொடுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சனம் இல்லாத நேரம் பார்த்து மாஸ்டர் வந்தார். பெற்றோல் இல்லாத காலம், எழுபத்தைந்து வயதில் சைக்கிளில் வந்திருந்தார். கதிரையில் இருந்து வேர்வையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"உதயா, என்ரை வைப்பை எடுக்க வேணும்."

"எவ்வளவு மாஸ்டர்?"

"முழுக்க."

இருபத்தேழு லட்சம். சங்கத்திலேயே பெரிய வைப்பு அது. அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"பெரிய தொகைக்கு ஒரு மாத அறிவித்தல் தரவேணும் எல்லோ மாஸ்டர்?"

"அந்த விதியை எழுதினவன் நான்தான். அவசரமெண்டா தலைவரும் முகாமையாளரும் கையெழுத்து வைச்சுக் குடுக்கலாம் எண்டு அதுக்குக் கீழை எழுதினவனும் நான்தான்." வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கூட்டத்திலை சொல்லத் தேவையில்லை" என்றார்.

அவரே தொடர்ந்தார். "உனக்குத் தெரியும்தானே, ஒருக்கா விழுந்தனான். ஓய்வு பெற்ற காசைக் கொண்டுபோய் அந்த நிதிக் கொம்பனியிலை போட்டு ஒன்பது லட்சம் போச்சு. கொழும்புக்கு எத்தினை தரம் அலைஞ்சன், ஒரு சதம் வரேல்லை. இனியொருக்கா விழுந்தா எழும்ப எனக்கு ஆயுள் இல்லை. பென்சன் காசு இப்ப பால்மாவுக்கும் மனிசியின்ரை மருந்துக்கும் காணாது."

சங்கத்தின் காசு அப்போது பட்டணத்து வங்கியில் நாற்பத்தெட்டு லட்சம் இருந்தது. அதில் முப்பது லட்சம் போன வருடம் ஏழு வீதத்துக்குப் போட்ட ஒரு வருட வைப்பு. அதை உடைத்தால்தான் மாஸ்டருக்குக் கொடுக்கலாம். கொடுத்தால் மிஞ்சுவது இருபத்தொன்று. போட்டவர்கள் மொத்தமாகக் கேட்கக்கூடியது மூன்று கோடிக்கு மேலே. இந்தக் கணக்கு அவளுக்கு மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனதில் ஓடியது. கணக்குப் படிப்பித்தவர் முன்னால் இருந்தார். ஏலாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே அவளும் வைத்தாள்.

இரகசியம் ஒன்பது நாள்தான் இருந்தது. பட்டணத்து வங்கியில் வேலை செய்கிறவர் யாரோ யாருக்கோ சொல்லி, தேத்தண்ணிக் கடையில் அது வேறு உருவம் எடுத்தது. தலைவரே எடுத்துக்கொண்டு போய்விட்டாராம், சங்கம் முடிஞ்சுதாம். திங்கட்கிழமை காலை அவள் கதவைத் திறக்கும்போது வெளியே எழுபது பேர் நின்றார்கள். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எரிபொருள் வரிசையில் நிற்கிற மாதிரியே நின்றார்கள். அந்த வருடம் சனத்துக்கு வரிசை பழகிப்போயிருந்தது. இரண்டு கிழமையில் இருபத்தொரு லட்சமும் கரைந்தது.

கடன் எடுத்தவர்களிடம் போனாள். செந்தூரன் என்று ஒருவன், நாற்பது வயது வராத கமக்காரன், குழாய்க் கிணறுக்கும் தூவல் குழாய்களுக்கும் எடுத்த கடனில் ஏழு லட்சம் மிச்சம். கனடாவில் இருக்கும் தமையன் அதைக் கட்டி முடிக்கச் சொல்லிக் காசு அனுப்பியிருந்தான். அது அவளுக்குத் தெரியும்.

செந்தூரன் தோட்டத்து வரம்பில் நின்று மரியாதையாகத்தான் சொன்னான். "அக்கா, குறை நினையாதேங்கோ. அந்தக் காசை வங்கியிலை இருபதுக்குப் போட்டிருக்கிறன். உங்களுக்குப் பன்னிரண்டு கட்டுறன். எட்டு எனக்கு மிஞ்சுது. நீங்களெண்டா என்ன செய்வியள்?"

அவன் ஒரு தவணையும் பிந்தாதவன். கணக்குத் தெரிந்தவன். அப்படியே திரும்பி வந்தாள்.

ஆவணி தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை தங்கமுத்து வந்தாள். அச்சுவேலிச் சந்தையில் முப்பது வருடமாகக் கீரையும் மரக்கறியும் விற்கிறவள். புருசன் தம்பிஐயா கீரை பயிரிடுவார், அவள் விற்பாள். பிள்ளைகள் இல்லை. சந்தை முடிந்து போகும் வழியில் ஏறி, இருநூறு முந்நூறு என்று போட்டுப் போட்டு நாலு லட்சத்து இருபதினாயிரம் சேர்த்திருந்தாள். வழமையாக வந்தவுடன் சிரிப்பவள், அன்று வாங்கில் இருக்கக்கூட இல்லை.

"பிள்ளை, அவர் விழுந்திட்டார். கரியரிலை கீரைக் கட்டைக் கட்டிக்கொண்டு சைக்கிளிலை வந்தவர், சந்தியிலை சறுக்கி விழுந்து தொடை எலும்பு உடைஞ்சுபோச்சு. பெரியாஸ்பத்திரியிலை கிடக்கிறார். உள்ளுக்கு வைக்கிற தகடு இப்ப அங்கை இல்லையாம். வெளியிலை வாங்கித் தந்தா உடனை செய்யலாமாம். ரெண்டு லட்சத்து நாப்பது வேணும்."

உதயகலா உள்ளே போய்ப் பெட்டகத்தைத் திறந்தாள். அறுபத்திரண்டாயிரம் இருந்தது. அதில் அறுபதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இண்டைக்கு இதைக் கொண்டு போங்கோ. மிச்சத்துக்கு நாளைக்கு வாங்கோ."

நாளைக்கு மூன்று பேர் தவணை கட்ட இருந்தார்கள். சமாசத்துக்கு, அதாவது எல்லாச் சங்கங்களுக்கும் மேலே இருக்கிற அமைப்புக்கு, அவசரக் கடன் கேட்டு எழுதியிருந்தாள். எப்படியும் வந்துவிடும் என்று நினைத்துத்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஒருவன் மட்டும் வந்து பதினையாயிரம் கட்டினான். தங்கமுத்து அதை வாங்கிக்கொண்டு, "அப்ப மிச்சம்?" என்று கேட்டாள். "திங்கட்கிழமை வாங்கோ அக்கா." திங்கட்கிழமை சமாசத்துக் காசோலை வரவில்லை. "புதன் கட்டாயம்." ஒவ்வொரு தடவையும் தங்கமுத்து தலையை ஆட்டிக்கொண்டு போனாள். ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை.

புதன்கிழமை தவணைக் காசுகள் சேர்ந்து மிச்சமும் வந்தது. வெள்ளிக்கிழமை தம்பிஐயாவுக்குச் சத்திர சிகிச்சை செய்தார்கள். சிகிச்சை சரியாகத்தான் நடந்தது. ஆனால் படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, அடுத்த செவ்வாய் விடியற்காலை அவர் இறந்துபோனார். எழுபத்திரண்டு வயது. முதலே செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்று டாக்குத்தர் சொன்னாராம். வயது போனவர்கள் எலும்பு உடைந்து கனநாள் படுத்திருப்பது நல்லதில்லை என்றும் அவரே சொன்னாராம்.

உதயகலா செத்த வீட்டுக்குப் போனாள். தங்கமுத்து அவளைக் கண்டதும் கையைப் பிடித்தாள். மற்றவர்களின் கையைப் பிடித்த மாதிரியே பிடித்து, மற்றவர்களை விட்ட மாதிரியே விட்டாள். பந்தலுக்குக் கீழே மாஸ்டரும் இருந்தார். பக்கத்தில் இருந்தவரோடு கியூ ஆர் அட்டையில் கிழமைக்கு எத்தனை லீற்றர் பெற்றோல் கிடைக்கும் என்று கதைத்துக்கொண்டிருந்தார். உதயகலாவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. பறை அடிக்கத் தொடங்க முன்னரே சைக்கிளை எடுத்தாள்.

இரண்டு நாள் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குலேந்திரன் ஏனென்று கேட்டான். நடந்ததையும், கூட்டம் கூட்டி உள்ளதைச் சொல்ல நினைப்பதையும் சொன்னாள். அவன் அரச பஸ்ஸில் நடத்துனர், நாள் முழுக்கச் சனத்தோடு நிற்கிறவன். நிதானமாகத்தான் கேட்டான். "இதைக் கூட்டம் கூட்டிச் சொன்னா, நாளைக்கே எல்லாரும் வந்து நிப்பினம். சங்கம் மூடுபட்டுப் போகும். அது ஆருக்கு நல்லது?"

"இப்பவும் எல்லாரும் வந்துதான் நிக்கினம். நான் ஒவ்வொரு முகத்தையும் பாத்துப் பொய் சொல்லுறன்."

"பொய்யில்லையே. வருமெண்டுதானே நினைச்சாய்."

"நினைச்சதைத்தான் சொன்னன். இருக்கிறதைச் சொல்லேல்லை."

அடுத்த நாள் அவள் மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். பொதுச்சபையைக் கூட்டத் தலைவரின் கையெழுத்து வேண்டும். அவருடைய மனைவி வெறும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"மாஸ்டர், அந்தக் காசைத் திருப்பிப் போடுங்கோ. பாதியெண்டாலும்."

"ஒரு வருச வைப்பு உதயா. இப்ப உடைச்சா வட்டி போகும்."

"உடைக்க வேண்டாம். அதை வைச்சு அதே வங்கியிலை கடன் எடுக்கலாம். அந்த வட்டியைச் சங்கம் கட்டும்."

அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒரு கணக்கின் விடையை அவர் இப்படித்தான் யோசிப்பார். பிறகு திரும்பி விடையைச் சொல்லுவார். அன்று கனநேரம் திரும்பவில்லை.

"என்னாலை ஏலாது," என்றார். "பயமாக் கிடக்கு, உதயா."

ஆனால் கூட்ட அறிவித்தலில் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்கவில்லை.

ஒரு மாத அறிவித்தலுக்குப் பிறகு கூட்டம் சனசமூக நிலையத்தில் நடந்தது. முந்நூறு பேருக்கு மேலே. உள்ளே இடமில்லாமல் யன்னலுக்கு வெளியிலும் நின்றார்கள். மாஸ்டர் மேடைக்கு வராமல் கடைசி வரிசையில் இருந்தார். உதயகலா எழுதிக்கொண்டு போன கடுதாசியை மேசையில் வைத்துவிட்டு, அதைப் பாராமலே சொன்னாள். எத்தனை கோடி வைப்பு, எத்தனை கோடி கடனாக வெளியில் நிற்கிறது, இன்று பெட்டகத்தில் எவ்வளவு. பிறகு சொன்னாள்: "ஆடி மாதம் தலைவரின்ரை இருபத்தேழு லட்சத்தை முன்னறிவித்தல் இல்லாமல் குடுத்தது நான். கையெழுத்து என்ரை. அது பிழை. அதுக்குப் பிறகு காசு இல்லாத நேரம் இல்லையெண்டு சொல்லாமல் நாளைக்கு வாங்கோ, நாளைக்கு வாங்கோ எண்டு உங்களை அலைய விட்டதும் நான்தான்."

சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒன்றாக வந்தது. எங்கடை காசு போச்சோ என்றார்கள். மாஸ்டரைப் பார்த்து ஒருவன் தகாத வார்த்தை சொன்னான். மாஸ்டர் எழும்பி, "என்ரை காசைத்தான் நான் எடுத்தனான். ஆனா தலைவரா இருந்துகொண்டு எடுத்திருக்கக் கூடாது. பதவியை விடுறன்" என்றார். காலையிலிருந்து பாடமாக்கி வந்தவர் மாதிரி இருந்தது. சொல்லிவிட்டு இருந்தார்.

அப்போதுதான் தங்கமுத்து எழும்பினாள். தம்பிஐயாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து முதல் தடவையாக வெளியே வந்திருந்தாள். வெள்ளைச் சீலை. சந்தையில் கூவி விற்ற குரல், ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

"பிள்ளை, நீ மாஸ்டருக்குக் குடுத்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சும் ஒண்டும் செய்திருக்க மாட்டன். ஆனா அண்டைக்கு நீ என்னட்டை, அக்கா, காசு இல்லை, எப்ப வருமெண்டும் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். என்ரை கழுத்திலை தாலிக்கொடி கிடந்தது. ஒன்பது பவுண். அதைக் கொண்டுபோய் அடகு வைச்சிருப்பன். நாளைக்கு எண்டு சொன்னாய். நீ சொன்னபடியால் நான் வைக்கேல்லை."

அவ்வளவுதான். இருந்துவிட்டாள். அழவில்லை. உதயகலாவும் அழவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று அந்தச் சனம் சங்கத்தை மூடிவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். மூடவில்லை. இரண்டு மணித்தியாலம் கத்திய பிறகு, களைத்துப்போய், ஒவ்வொன்றாக முடிவெடுத்தார்கள். கேட்டவர்களுக்குக் கேட்ட ஒழுங்கில் மாதம் இருபத்தையாயிரம். ஆஸ்பத்திரிக்கும் செத்த வீட்டுக்கும் முதலிடம். போட்டவர்களுக்கு வட்டி பதினாலு. கடன்காரர்களில் விரும்பியவர்கள் பதினாறுக்குக் கையெழுத்து வைக்கலாம். புதுக் கடன் இல்லை. உதயகலாவை வேலையை விட்டு நிற்பாட்ட வேண்டும் என்று ஒருவர் பிரேரித்தார். அவளே, "நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ. ஆனா கணக்கை ஒப்படைச்சிட்டுத்தான் போவன்" என்றாள். இரண்டு வருடச் சம்பள உயர்வை வெட்டுவதோடு அதை விட்டார்கள்.

இன்னொன்றை அவளே கேட்டாள். ஒவ்வொரு திங்களும் வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வைப்பதென்று. கையில் எவ்வளவு, இந்தக் கிழமை யார் யாருக்கு, வரிசையில் எத்தனை பேர்.

முதல் திங்கட்கிழமை காலை அவளே எழுதினாள். கையிருப்பு நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம், வரிசையில் நூற்றுப் பதினெட்டுப் பேர். சனம் வந்து வாசித்தது. சிலர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள். ஒரு கிழவர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப என்ரை முறை தை மாதம்" என்று சொல்லிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். ஒரு மாதம் போனபோது காலையில் வாசலில் நிற்கிறவர்கள் குறைந்திருந்தார்கள். எப்போது கிடைக்கும் என்று தெரிந்தவனுக்கு விடியற்காலையில் வந்து நிற்கத் தேவையில்லை. ஐப்பசிக் கடைசியில் ஒருவர் வந்து வரிசையில் இருந்து தன் பெயரை வெட்டச் சொன்னார். உதயகலா அந்தப் பெயருக்கு மேலே கோடு கீறிவிட்டு, உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள்.

அதற்குள் செந்தூரனும் வந்திருந்தான். கூட்டம் முடிந்த நாலாம் நாள், வங்கி வைப்பை உடைத்து ஏழு லட்சத்தையும் கொண்டுவந்தான்.

"உங்களுக்கு நட்டமெல்லோ தம்பி?"

"நட்டம்தான் அக்கா. புண்ணியத்துக்குக் கட்டேல்லை. சங்கம் போனா அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் வாங்க எனக்கு ஆர் தருவினம்? வங்கி முப்பது வீதம் கேக்குது. இருந்து பாத்தன், ரெண்டு கணக்கிலையும் கூடின நட்டம் சங்கம் மூடுறதுதான்."

அவனைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பேர் கட்டினார்கள். சமாசமும் பத்தொன்பது வீதத்துக்கு ஒரு கடன் தந்தது. இவற்றால் சங்கம் நின்றது. ஆனால் முந்தைய சங்கமாக நிற்கவில்லை. மூன்று கோடி வைப்பு ஒன்றரைக் கோடியாயிற்று. புதுக் கடன் இல்லாத அந்த ஒன்றரை வருடத்தில், கேட்டு வந்தவர்களை அவள் திருப்பி அனுப்பினாள். தையல்காரி லூர்த்தம்மா உடைந்த மெசினுக்குப் பதில் வேறொன்று வாங்க எண்பதாயிரம் கேட்டாள். சங்கத்தில் கிடைக்காமல் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தாள். வட்டி ஏறி ஏறி அது ஏலத்தில் போனது. அதுவும் அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிற கணக்குத்தான். பலகையில் அதை எழுத இடமில்லை.

தங்கமுத்துவுக்கு இன்னும் ஒரு லட்சத்து எண்பதினாயிரம் வரவேண்டியிருந்தது. கூட்டத்தில் எடுத்த முடிவின்படி மாதம் இருபத்தையாயிரம். ஆனால் அவள் பத்துத்தான் கேட்டாள். மாதத்தின் முதல் வியாழன், சந்தை முடிந்து, வெறும் கடகத்தோடு வருவாள். புத்தகத்தை நீட்டுவாள். உதயகலா எண்ணிக் கொடுப்பாள். அவளும் எண்ணிப் பார்ப்பாள். முன்பு எண்ணியதில்லை.

அடுத்த வருடம் ஆனியில் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. வங்கிகளும் குறைத்தன. பெட்டகத்தில் காசு தங்கத் தொடங்கியது. வரிசை முடிந்துவிட்டது. ஒரு வியாழன் உதயகலா சொன்னாள்: "அக்கா, இப்ப முழுக்கத் தரலாம். இண்டைக்கே தரலாம்."

"வேண்டாம் பிள்ளை. ஒண்டா வாங்கினா எனக்கு ஆர் இருக்கினம் வைச்சுப் பாக்க? மாதம் மாதம் வாறன்."

அது மன்னிப்பா என்று உதயகலா தன்னையே கேட்டுப் பார்த்ததுண்டு. இல்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. தங்கமுத்துவுக்குக் காசு தேவை, சங்கத்தில் காசு இருந்தது, வந்தாள். அதற்கு மேல் அதில் எதையும் வைத்துப் பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று உதயகலா விட்டுவிட்டாள்.

இருபத்துநாலாம் ஆண்டு தை முடிய மாஸ்டர் ஒரு நாள் வந்தார். தடியோடு வந்தார். மனைவி முந்தைய வருடம் மாரியில் இறந்திருந்தார். மருந்துக்கென்று எடுத்த காசில் பாதிக்கு மேல் மிஞ்சிக் கிடந்தது. வங்கி வட்டி ஒற்றை இலக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"இங்கை போடலாமோ?" என்று கேட்டார்.

"போடலாம் மாஸ்டர். அங்கத்தவர்தானே." படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். "பத்து லட்சத்துக்கு மேலை ஒராள் போடக்கூடாது எண்டு இப்ப விதி. அஞ்சு லட்சத்துக்கு மேலை எடுக்கிறதெண்டா ரெண்டு மாத அறிவித்தல். ஆருக்கும் விலக்கு இல்லை."

"நல்ல விதி," என்றார். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக நிரப்பினார். எழுத்து இன்னும் அச்சுப் போல்தான் இருந்தது. போகும்போது வாசலில் நின்று பலகையைக் கனநேரம் வாசித்தார்.

தங்கமுத்துவின் கடைசிப் பத்தாயிரம் அந்தப் பங்குனியில் முடிந்தது. புத்தகத்தில் மிச்சம் என்ற இடத்தில் பூச்சியம் எழுதிக் கையெழுத்து வைத்து உதயகலா நீட்டினாள். கணக்கை மூடுவதா, வைத்திருப்பதா என்று கேட்கவேண்டும், அது நடைமுறை. கேட்டாள்.

தங்கமுத்து புத்தகத்தை மடித்து முந்தானையில் முடிந்தாள். "மூடிவிடு பிள்ளை" என்றாள். சொன்னவள் போகாமல் நின்றாள். "உனக்கு ஒண்டும் இல்லை எனக்கு மனசிலை. ஆனா இனி இங்கை போட மனம் வராது. அவ்வளவுதான்."

"ஓம் அக்கா."

"உன்ரை பலகையை வாசிக்கத் தெரியாத சனம் இருக்கு. கேட்டா சொல்லு."

"சொல்லுறன் அக்கா."

அவள் கடகத்தை எடுத்துக்கொண்டு படியால் இறங்கினாள். பின்னேரம் நாலு மணி. வெளியே வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. உதயகலா பேரேட்டை எடுத்து, தங்கமுத்துவின் பக்கத்தில் திகதியைப் போட்டு, கணக்கு மூடப்பட்டது என்று எழுதினாள். அடுத்ததாக வாங்கில் இருந்த ஒருவர் எழும்பி வந்தார். மகளின் சாமத்தியச் சடங்குக்குத் தன் வைப்பில் மூன்று லட்சம் எடுக்க வேண்டும், இன்று கிடைக்குமா என்று கேட்டார்.

"இண்டைக்கு எண்பதாயிரம்தான் இருக்கு அண்ணை," என்றாள் உதயகலா. "மிச்சம் பதினெட்டாந் திகதி. அதுக்கு முந்தி இல்லை. பாத்துச் செய்யுங்கோ."